மாடுலேஷன்: குரலில், பாட்டில், வானொலியில் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மேடை நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைத்துக் கொடுப்பது என் வேலை. சிங்கப்பூரில் ஏப்ரலில் தமிழ்மொழி விழா வந்துவிட்டால் சமூக மன்றம், நூலகம், பள்ளி என்று ஓட்டம்தான். மைக்கைச் சரிபார்க்கிற நேரத்தில் அறிவிப்பாளர்களாக வரும் மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர், பாட வந்தவர்கள் என்று யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். அதில் 'மாடுலேஷன்' எப்படியும் வந்துவிடும். ஒருவர் குரலை நினைத்துக் கேட்பார், ஒருவர் ராகத்தை, இன்னொருவர் எஃப்.எம். வானொலியை. தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

மாடுலேஷன் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

நிலையாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை, சொல்ல வந்த விஷயத்துக்கு ஏற்ப மாற்றுவது. வானொலியில் நிலையாக ஓடுவது, குரலைச் சுமந்து செல்லும் ஊர்தி அலை. பாட்டில் ஆதார சட்ஜம், அதாவது மற்ற சுரங்களுக்கெல்லாம் அடிப்படையான 'ச'. பேச்சில் நீங்கள் இயல்பாகப் பேசும் குரல். அறிவியல் பாடநூலில் இதைப் பண்பேற்றம் என்பார்கள். பேச்சு வகுப்பில் ஏற்ற இறக்கம் என்பார்கள்.

முக்கால்வாசிப் பேர் 'மாற்றுவது' என்ற பாதியை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். நிலையாக ஒன்று ஓடாவிட்டால் மாற்றம் காதுக்குத் தெரியவே தெரியாது. கீழே இதையே பல இடங்களில் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை வாய்விட்டு வாசிக்கும்போது ஏற்ற இறக்கம் போதவில்லை என்று ஆசிரியர் சொல்கிறார். வீட்டில் எப்படிப் பழக்குவது?

இங்கே பெற்றோர் அதிகம் கேட்பது இதைத்தான். வாய்மொழித் தேர்வு நெருங்கினால் இன்னும் அதிகம்.

வழக்கமாக வீட்டில் நடப்பது என்னவென்றால், ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரே ராகத்தில் ஏற்றி இறக்கச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். பிள்ளையும் பத்தி முழுக்க அதே மெட்டில் பாடிக்கொண்டே போகும். ஏற்றமும் இறக்கமும் இருக்கும்; ஆனால் மூன்றாவது வாக்கியத்திலேயே கேட்பவர் காது அடைத்துவிடும். எல்லா வாக்கியத்துக்கும் ஒரே மெட்டு என்றால் அது ஒரே குரலில் வாசிப்பதற்குச் சமம்தான்.

முதலில் எங்கே நிறுத்துவது என்று பாருங்கள். 'மழை விட்டதும் பிள்ளைகள் விளையாட்டுத் திடலுக்கு ஓடினார்கள்' என்ற வாக்கியத்தில் 'விட்டதும்' என்ற இடத்தில் ஒரு சின்ன நிறுத்தம் போதும். சொல்லுக்குச் சொல் நிறுத்தினால் பொருள் சிதறிவிடும்.

அடுத்தது அழுத்தம். வீட்டில் ஆங்கிலமே அதிகம் புழங்கும் பிள்ளைகள் வாக்கியத்தின் கடைசிச் சொல்லைத் தூக்கிப் பேசுவார்கள். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் சரியாக இருக்கும். தமிழில் வாக்கியம் வினையில் முடிகிறது. முக்கியமான சொல் பெரும்பாலும் அந்த வினைக்கு முன்னால் வந்து நிற்கும். 'அந்தப் புத்தகத்தை அக்கா கொடுத்தாள்' என்றால் அழுத்தம் 'அக்கா'வில். 'கொடுத்தாள்' என்பதைத் தூக்கினால், 'கொடுத்தாளா இல்லையா' என்று யாரோ சந்தேகப்பட்டதற்குப் பதில் சொல்வதுபோல் ஆகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. நம் மொழியில் பாதி ஏற்ற இறக்கத்தை எழுத்தே செய்துவிடுகிறது. 'நாளைக்குத்தான் வருகிறார்', 'வந்தானா?', 'வந்தானே!', 'வருவானோ' என்று தான், ஆ, ஏ, ஓ எல்லாம் வேலையைச் செய்துவிடும்போது குரல் லேசாகத் துணைக்குப் போனால் போதும். பக்கத்து வீட்டுச் சீனப் பிள்ளைக்கு அப்படி இல்லை. மாண்டரினில் 'மா' என்பதைச் சமமாக நீட்டினால் அம்மா. இறங்கி ஏறினால் குதிரை. சட்டென்று இறக்கினால் திட்டுவது. அங்கே சுருதி மாறினால் பொருளே மாறிப்போகும். தமிழில் சுருதிக்கு அந்தச் சுமை இல்லாததால் மனநிலையைக் காட்ட அது நமக்கு மிச்சம் இருக்கிறது. அதைக் கொஞ்சமாகச் செலவழிப்பதே அழகு.

நான் நிகழ்ச்சி அறிவிப்பாளர். மைக்கில் மாடுலேஷன் வர என்ன செய்வது?

முதல் இரண்டு வாக்கியங்களை உங்கள் இயல்பான குரலில் பேசுங்கள். 'அனைவருக்கும் வணக்கம்' என்பதையே உச்சத்தில் கூவினால் அப்புறம் ஏற இடம் இருக்காது. சிறப்பு விருந்தினர் பெயரைச் சொல்லும்போது என்ன செய்வீர்கள்? இன்னும் கத்த வேண்டியதுதான். கேட்பவர்களுக்கு உங்கள் சாதாரணக் குரல் எது என்று முதலில் தெரிய வேண்டும். அது தெரிந்துவிட்டால் அரை மாத்திரை நிறுத்தம்கூட அவர்களுக்குப் புரியும்.

ஆங்கில வானொலித் தொகுப்பாளர்களின் மெட்டை அப்படியே தமிழில் கொண்டுவருவது இப்போது இளையர்களிடம் பரவியிருக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. ஒவ்வொரு சொற்றொடரின் முடிவையும் கேள்விபோல் தூக்கினால் தமிழ் வினைமுற்று அந்தரத்தில் தொங்கும்.

மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி வைத்து அதை மாற்றாமல் பேசுங்கள். மேடையில் நாங்கள் தரும் மைக் பெரும்பாலும் ஒரு பக்கத்து ஒலியை மட்டும் வாங்கும் வகை. அதை உதட்டோடு ஒட்டினால் அடிக்குரல் தானாக ஊதிப் பெருக்கும். தள்ளிப் பிடித்தால் குரல் மெலிந்து ஒல்லியாகிவிடும். நீங்கள் கையை ஆட்டி ஆட்டிப் பேசினால் உங்கள் குரலின் ஏற்ற இறக்கத்தோடு கையின் ஏற்ற இறக்கமும் சேர்ந்துகொள்ளும். எது எது என்று யாருக்கும் தெரியாது.

ஒரு வேண்டுகோள். ஒலி சரிபார்க்கும்போது 'ஹலோ, ஹலோ, செக்' என்று முணுமுணுக்காதீர்கள். அன்று நீங்கள் பேசப்போகும் வரிகளிலேயே மிகச் சத்தமான ஒன்றைப் பேசிக் காட்டுங்கள். அதை வைத்துத்தான் அளவு வைக்கிறோம். மெதுவாகப் பேசிக் காட்டிவிட்டு நிகழ்ச்சியில் முழங்கினால் ஒலிபெருக்கியில் குரல் உடையும்.

நடிகர்களின் குரல் மாடுலேஷன் என்று புகழ்கிறார்களே, அது வேறா?

அதே சங்கதிதான், வீச்சு பெரிது. எம்.ஆர். ராதாவை எடுத்துக்கொள்ளுங்கள். கரகரத்த அடிக்குரலில் பேசிக்கொண்டே இருப்பார். ஒரே வாக்கியத்தின் நடுவில் கீச்சென்று மேலே போய்விட்டுத் திரும்பி வருவார். அந்தக் கரகரப்பு நம் காதில் ஊறிப்போயிருப்பதால்தான் கீச்சுக்கு அவ்வளவு சிரிப்பு. பழைய இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜாவின் வேகம் ஒரு வழி, பி.எச். அப்துல் ஹமீதின் நிதானம் இன்னொரு வழி. இரண்டு பேரும் அவரவர் நடையை விட்டு விலகிய இடங்கள் குறைவு. அதனால் விலகியபோது எடுபட்டது.

பேச்சுக்கும் வானொலிக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவது ஒரு உவமைதானே?

உவமை இல்லை. பேச்சே ஒரு மாடுலேஷன்தான். அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஹோமர் டட்லி என்ற பொறியாளர் 1940-இல் இதை வெளிப்படையாகவே எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில், விசைகளை அழுத்தினால் பேசும் அவருடைய 'வோடர்' இயந்திரத்தைக் காட்டியிருந்தார்கள்.

அவர் சொன்னதன் சாரம் இது. குரல்வளையில் நாண்கள் ஒரு விநாடிக்கு நூறு, இருநூறு தடவை அதிர்ந்து ஒரு 'ஙீ' சத்தத்தை உண்டாக்குகின்றன. பெரும்பாலான ஆண்களுக்கு 100 முதல் 150 ஹெர்ட்ஸ், பெண்களுக்கு 200 ஹெர்ட்ஸையொட்டி. அந்தச் சத்தத்தில் செய்தி ஏதும் கிடையாது. அதன் மேல் நாக்கும் உதடும் தாடையும் மெதுவாக அசைந்து வடிவம் கொடுக்கின்றன. செய்தி இருப்பது அந்த அசைவில். ஆனால் அந்த அசைவு விநாடிக்குச் சில முறைதான் என்பதால் அது தனியாகக் காதில் விழாது. அதைத் தூக்கிக்கொண்டு வர நாண்களின் ஒலி வேண்டும். வானொலியில் ஊர்தி அலை செய்வதும் இதுவேதான்.

சந்தேகமா? ரகசியம் பேசிப் பாருங்கள். அப்போது நாண்கள் அதிர்வதில்லை, வெறும் மூச்சுக்காற்றின் சீற்றம்தான். ஊர்தி முழுக்க மாறிவிட்டது. ஆனாலும் சொன்னது எதிரில் இருப்பவருக்கு விளங்குகிறது.

கைப்பேசியில் குரல் பதியும் செயலியைத் திறந்து 'பட்டுப் பாவாடை' என்று நிதானமாகச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். திரையில் ஓடும் அலையைப் பெரிதாக்கினால் 'ட்டு' வரும் இடத்தில் ஒரு வெற்றிடம், 'ப் பா' வரும் இடத்தில் இன்னொன்று தெரியும். அங்கே கோடு தட்டையாகக் கிடக்கும். 'வாடை'யில் அப்படி அறுபடாது. ஒற்று மிகும் இடத்தில் ஒலியை நிறுத்திவைக்கிறோம் என்பது கண்ணுக்கே தெரியும். அந்த நிறுத்தத்தை மாணவர்கள் விழுங்கிவிடுவதால்தான் மைக்கில் 'பட்டு' 'படு'வாகக் கேட்கிறது.

வானொலியில் குரலை அப்படியே அனுப்பினால் என்ன? ஊர்தி அலை எதற்கு?

இரண்டு காரணங்கள். முதலாவது அலைவாங்கியின் நீளம். மின்காந்த அலை விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. குரலில் 300 ஹெர்ட்ஸ் இருக்கும் ஒரு பகுதியை அப்படியே அனுப்பினால் ஓர் அலையின் நீளம் 1,000 கிலோமீட்டர். நல்ல அலைவாங்கிக்கு அதில் கால்வாசியாவது வேண்டும், அதாவது 250 கிலோமீட்டர். துவாஸிலிருந்து சாங்கி வரை நம் தீவே ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். நம் தமிழ் வானொலி நிலையமான 'ஒலி 96.8' ஒலிபரப்பாகும் 96.8 மெகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் சுமார் 3.1 மீட்டர், கால்வாசி என்றால் முக்கால் மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். பழைய கார்களில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, எல்லார் குரலும் ஒரே அலைவரிசைக்குள்தான் அடங்கும். எல்லா நிலையமும் குரலை அப்படியே அனுப்பினால் தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஒவ்வொருவருக்கும் ஓர் ஊர்தி அலை கொடுத்துவிட்டால் பிரித்தெடுக்கலாம்.

ஏ.எம்., எஃப்.எம். என்ன வித்தியாசம்?

ஊர்தி அலையின் உயரத்தைக் குரலுக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்தால் ஏ.எம்., அதாவது வீச்சுப் பண்பேற்றம். உயரத்தைத் தொடாமல் விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதைக் கூட்டிக் குறைத்தால் எஃப்.எம்., அதாவது அதிர்வெண் பண்பேற்றம். அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் அகலப்பட்டை எஃப்.எம்.முக்கு 1933-இல் காப்புரிமை பெற்றார்.

இடியும் மின்னலும் சேர்ந்த நம் ஊரில் இதன் அருமை நன்றாகத் தெரியும். சிங்கப்பூரில் ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் எங்கேயாவது இடி இடிக்கிறது. மின்னல் வெட்டும்போது கிளம்பும் ரேடியோ இரைச்சல் வந்துகொண்டிருக்கும் அலையின் உயரத்தைத்தான் குலைக்கும். ஏ.எம்.மில் செய்தியே உயரத்தில் இருப்பதால் 'டர்ர்' என்று காதில் விழும். எஃப்.எம். வாங்கி, அதாவது அலையை வாங்கும் பெட்டி, உயரத்தைச் சட்டை செய்யாது. எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குச் சீவித் தள்ளிவிட்டு அதிர்வெண்ணை மட்டும் படிக்கும்.

பழைய தொலைக்காட்சி நினைவிருப்பவர்களுக்கு இன்னும் எளிது. சிங்கப்பூரில் அந்த ஒளிபரப்பு 2019 தொடக்கத்தில் நின்று முழுக்க மின்னிலக்கத்துக்கு மாறியது. அதற்கு முன்பு வந்துகொண்டிருந்த முறையில் படம் ஏ.எம்.மில், ஒலி எஃப்.எம்.மில். மின்னல் வெட்டினால் படத்தில் புள்ளிபுள்ளியாகக் கோடு ஓடும். வசனம் மட்டும் பிசிறில்லாமல் வரும். ஒரே பெட்டிக்குள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

அப்படியானால் ஏ.எம். செத்துவிட்டதா?

இல்லை. நம் உள்ளூர் நிலையங்கள் எல்லாம் இப்போது எஃப்.எம்.தான். ஆனால் கிராஞ்சியில் இருந்த பிபிசியின் சிற்றலை நிலையம் 2023 வரை வேலை செய்தது. சிற்றலை ஒலிபரப்பு வழக்கமாக ஏ.எம். வகை. வான மண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும்.

விமானிகளும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பேசிக்கொள்வது இன்றும் ஏ.எம்.மில்தான். தரமான எஃப்.எம். இருக்கும்போது ஏன் இது? எஃப்.எம்.மில் ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் பேசினால் வலுவான அலை மற்றதை முழுக்க விழுங்கிவிடும். மலேசிய எல்லையை ஒட்டிய உட்லண்ட்ஸ் பக்கம் காரோட்டிக்கொண்டு போகும்போது கேட்டுக்கொண்டிருந்த நிலையம் காணாமல் போய் ஜொகூர் நிலையம் ஒன்று சுத்தமாக வந்து உட்காருவதுண்டு. இரண்டும் கலந்து வருவது அபூர்வம். ஒன்று போய் மற்றது வரும். பாட்டுக் கேட்க அது நல்லது. விமானத்தில் ஆபத்து. ஒரு விமானி அவசரம் என்று கூப்பிடும்போது இன்னொருவர் பேசினால் முதலாமவர் கூப்பிட்டதே கோபுரத்துக்குத் தெரியாமல் போய்விடும். ஏ.எம்.மில் இருவர் குரலும் ஒரு கீச்சொலியோடு கலந்து வரும். புரியாவிட்டாலும் இரண்டு பேர் பேசுகிறார்கள் என்றாவது தெரியும். திரும்பச் சொல்லச் சொல்லலாம்.

ஏ.எம். வானொலியில் ஓர் இழப்பும் உண்டு. ஏறக்குறைய 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலிகள் அதில் வருவதில்லை. 'ஸ', 'ச' போன்ற சீறும் ஒலிகளின் உயிர் பெரும்பாலும் அதற்கு மேலேதான். அந்தக் காலத்து அறிவிப்பாளர்கள் ஒவ்வோர் எழுத்தையும் அழுத்தந்திருத்தமாக உச்சரித்ததற்கு மரபு ஒரு காரணம் என்றால், இந்தக் குறுகிய வழியும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

96.3, 96.8, 97.2 என்று நிலையங்கள் இடைவெளி விட்டு இருப்பது ஏன்?

மாடுலேஷன் செய்த அலை ஒரு புள்ளியில் நிற்காது, பக்கவாட்டில் பரவும். 1,000 கிலோஹெர்ட்ஸ் அலையின் உயரத்தை 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியால் கூட்டிக் குறைத்தால் 999, 1,001 என்று இரண்டு புது அலைகள் பக்கத்தில் முளைக்கும். பக்கப்பட்டைகள் என்று இவற்றுக்குப் பெயர். செய்தி இருப்பது நடு அலையில் இல்லை, இந்தப் பக்கப்பட்டைகளில்தான்.

எஃப்.எம். இன்னும் அகலமாகப் பரவும். ஊர்தி அலை இரண்டு பக்கமும் 75 கிலோஹெர்ட்ஸ் வரை விலகலாம். பக்கப்பட்டைகளையும் சேர்த்தால் ஒரு ஸ்டீரியோ நிலையத்துக்குச் சுமார் 250 கிலோஹெர்ட்ஸ் வேண்டியிருக்கும். ஒலி 96.8-க்கு அந்தப் பக்கம் 97.2, இடைவெளி 400 கிலோஹெர்ட்ஸ். நெருக்கமாகத் தெரிந்தாலும் தாராளம்தான்.

அந்த அகலத்துக்குள் என்னவெல்லாம் ஒளித்துவைத்திருக்கிறார்கள் தெரியுமா? இடது வலது இரண்டையும் கூட்டிய ஒலி முதலில். ஸ்டீரியோ இருக்கிறது என்று வாங்கிக்குச் சொல்ல 19 கிலோஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய விசில். இடதிலிருந்து வலதைக் கழித்த ஒலி 38 கிலோஹெர்ட்ஸ் மேல் ஏ.எம். வகையில் ஏறி உட்கார்ந்திருக்கும். காரின் திரையில் நிலையத்தின் பெயர் ஓடுகிறது என்றால் அது 57 கிலோஹெர்ட்ஸில் வருகிறது. எஃப்.எம். மேல் ஏறி ஏ.எம். சவாரி செய்கிறது! அலை மெலிந்தால் முதலில் இரைய ஆரம்பிப்பது அந்தக் கழித்த பகுதிதான். அதனால் பல வாங்கிகள் அதை விட்டுவிட்டு மோனோவுக்கு இறங்கிவிடும்.

மெதுவான பாட்டும் வானொலியில் சத்தமாகவே கேட்கிறதே?

75 கிலோஹெர்ட்ஸ் என்ற எல்லையைத் தாண்டினால் பக்கத்து நிலையத்தில் போய் விழும். தாண்டாமல், ஆனால் எப்போதும் அதையொட்டியே ஓட வேண்டும் என்று நிலையங்கள் நினைக்கின்றன. அதற்காக மெல்லிய இடங்களைத் தூக்கி, உரத்த இடங்களை அழுத்தி அனுப்பும் கருவி ஒன்று நடுவில் இருக்கும். விரைவுச்சாலையில் சன்னலைத் திறந்துவிட்டுப் போகிறவருக்கு அது வசதி. ஆனால் இசையமைப்பாளர் பல்லவிக்கு முன்னால் வேண்டுமென்றே அடக்கிவைத்த ஒற்றைப் புல்லாங்குழல் தவிலுக்கு நிகராக வந்து நிற்கும். கச்சேரிப் பதிவுகளைத் தயவுசெய்து வானொலியில் கேட்டு எடை போடாதீர்கள்.

மகள் வெள்ளிக்கிழமை கீபோர்டு, சனிக்கிழமை கர்நாடக வாய்ப்பாட்டு கற்கிறாள். கீபோர்டு ஆசிரியர் சொல்லும் மாடுலேஷன் நம் ராகமாலிகைதானா?

இரண்டும் வேறு. மேற்கத்திய இசையில் மாடுலேஷன் என்றால் பாட்டின் நடுவில் ஆதாரமே நகர்வது. சி மேஜரில் தொடங்கி ஜி மேஜருக்குப் போனால் 'ச' இருந்த இடமே மாறிவிட்டது. திரைப்பாட்டில் கடைசிச் சரணத்தில் எல்லாம் ஒரு கட்டை மேலே ஏறுகிறதே, அதுவும் இந்த வகை. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானை அமுக்கிவிட்டுப் பாட்டை முதலிலிருந்து வாசிப்பது மாடுலேஷன் ஆகாது. முன்பு எங்கே இருந்தோம் என்பது கேட்பவருக்குத் தெரியாதே.

ராகமாலிகையில் ராகம்தான் மாறுகிறது, சட்ஜம் நகர்வதில்லை. பின்னால் தம்பூரா, இப்போது பெரும்பாலும் மின்சுருதிப் பெட்டி, அதே இடத்தில் மீட்டிக்கொண்டே இருக்கும். நம் இசையில் ஆதாரம் நகர்வதற்கு மிக நெருக்கமாக வருவது கிரகபேதம், அதாவது வேறொரு சுரத்தைச் சட்ஜமாக வைத்துக்கொள்வது. பழந்தமிழ் இசை மரபில் பண்ணுப்பெயர்த்தல் என்பதும் இந்த வழிதான்.

மகளைக் கீபோர்டின் கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்து கட்டைகள். மூன்று கட்டைகள் சேர்ந்திருக்கும் கூட்டத்தில் முதல் கட்டையைச் சட்ஜமாக வைத்து வரிசையாக மேலே போனால் மோகனம். அதே ஐந்து கட்டைகள், இரண்டாவதைச் சட்ஜமாக்கினால் மத்தியமாவதி. மூன்றாவதிலிருந்து இந்தோளம். அடுத்துள்ள இரட்டைக் கட்டைகளில் முதலாவதிலிருந்து சுத்த சாவேரி, இரண்டாவதிலிருந்து சுத்த தன்யாசி. ஒரு கட்டைகூட மாறவில்லை. எதை வீடு என்று நினைக்கிறோமோ அது மட்டும் மாறியிருக்கிறது. இடது கையால் அந்தந்தச் சட்ஜத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே வாசித்தால்தான் ராகம் முகம் காட்டும். பிடிக்காமல் வாசித்தால் எல்லாம் மோகனமாகவே கேட்கும்.

மேடையில் பாடகர் கிரகபேதம் செய்வது இதைவிடக் கடினம். சுருதிப் பெட்டி பழைய சட்ஜத்தையே மீட்டிக்கொண்டிருக்க, அவர் வேறொரு சுரத்தைச் சட்ஜமாகப் பாவித்துச் சிறிது நேரம் உலாவிவிட்டுத் திரும்ப வேண்டும். நீண்ட நேரம் அங்கேயே நின்றால் சுருதி விலகிவிட்டதாகக் கேட்கும். எனக்குத் தெரிந்த நல்ல பாடகர்கள் சில நிமிடங்களில் திரும்பிவிடுவார்கள்.

கமகமும் வைப்ரேட்டோவும் ஒன்றா?

வைப்ரேட்டோ என்பது ஒரு சுரத்தை நடுவில் வைத்து விநாடிக்கு ஐந்தாறு முறை மேலும் கீழும் அசைப்பது. அப்பட்டமான எஃப்.எம். சத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் டிரெமலோ, அது ஏ.எம். கமகம் என்பது சுரத்தை அசைத்தும் வழுக்கியும் பாடுவது. அதில் அசைவான கம்பிதம் ஒரு வகைதான், அதுவும் பக்கத்து சுரங்களைத் தொட்டு வரும். தோடியின் காந்தாரத்தைக் கேளுங்கள். அந்த அசைவுதான் அந்த சுரம். அதை நிறுத்தி நேராகப் பிடித்தால் தோடி போய்விடும். ஓபரா பாடகரின் வைப்ரேட்டோவை நிறுத்தினாலும் பாட்டு அதே பாட்டுத்தான். பதிவுக்கூடத்தில் சுருதி திருத்தும் மென்பொருளைக் கர்நாடகப் பாட்டின் மேல் முழு அளவில் ஏவிவிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கீபோர்டில் 'எஃப்.எம்.' என்று போட்டிருக்கிறது. வானொலி வருமா?

வராது. ஸ்டான்ஃபோர்டில் இசையமைப்பாளர் ஜான் சௌனிங் 1967-இல் வைப்ரேட்டோவைச் சோதித்துக்கொண்டிருந்தார். அசைவின் வேகத்தை விநாடிக்கு ஐந்தாறிலிருந்து நூற்றுக்கணக்குக்கு ஏற்றினால் காது அதை அசைவாகக் கேட்பதில்லை. மணி, பித்தளை வாத்தியம் என்று புதுப் புது நாதமாகக் கேட்கிறது. வானொலி அலைக்குப் பக்கப்பட்டை முளைப்பதுபோலவே இங்கும் முளைக்கிறது, காதுக்கு எட்டும் அதிர்வெண்களில். யமாஹா அதை வாங்கி 1983-இல் டிஎக்ஸ்7 என்ற கீபோர்டாக வெளியிட்டது. எண்பதுகளின் கண்ணாடி மணிபோன்ற மின்பியானோ ஒலி அதன் கைவரிசை.

வைஃபையிலும் மாடுலேஷன் உண்டா?

உண்டு, அதுவும் நொடிக்கு நொடி மாறக்கூடியது. ஊர்தி அலையின் உயரத்தையும் கட்டத்தையும் (அலை தன் சுழற்சியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும்) சேர்த்து மாற்றி, ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஓர் எண் கொடுத்துவிடுகிறார்கள். வைஃபை 6-இல் 1,024 சேர்க்கைகள் வரை, வைஃபை 7-இல் 4,096 வரை. சேர்க்கைகள் கூடக் கூட வேகம் கூடும். ஆனால் ஒன்றுக்கொன்று மிக நெருக்கம் என்பதால் கொஞ்சம் இரைச்சல் இருந்தாலும் குழம்பிவிடும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பாம் ஷெல்டர் என்ற பாதுகாப்பு அறைக்குள் ரௌட்டரை வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, 'வேகமே இல்லை' என்பவர்கள் உண்டு. தடித்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் அலையை மெலித்துவிடுகின்றன. ரௌட்டர் அதை உணர்ந்து ஆயிரம் சேர்க்கைகளிலிருந்து நூற்றுக்கணக்குக்கு, அப்புறம் நான்குக்கு, கடைசியில் இரண்டுக்கு என்று இறங்கிவரும். இணைப்பு அறுபடாது, ஆமை வேகத்தில் ஓடும். இரைச்சலான இடத்தில் நாம் நிறுத்தி நிதானமாகப் பேசுவதில்லையா, அதைத்தான் அது செய்கிறது. ரௌட்டரை வெளியே வையுங்கள்.

பேருந்தில் தட்டும் அட்டைக்குள் பேட்டரி இல்லையே, அது எப்படிப் பதில் பேசுகிறது?

தட்டும் கருவி 13.56 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையைப் பரப்பிக்கொண்டே இருக்கிறது. அட்டைக்குள் சுற்றியிருக்கும் மெல்லிய கம்பிச் சுருள் அதிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பதில் சொல்ல அட்டை தன் அலை எதையும் அனுப்புவதில்லை. சுருளில் சுமையை ஏற்றி இறக்கும். ஏற்றும்போது கருவியின் அலையிலிருந்து கூடுதலாக உறிஞ்சும், இறக்கும்போது விட்டுவிடும். தன் அலை இப்படி நுண்ணளவு தளர்ந்து நிமிர்வதைக் கருவி கவனித்துப் பதிலைப் படித்துக்கொள்கிறது. அடுத்தவருடைய ஊர்தி அலையிலேயே தன் செய்தியை ஏற்றும் தந்திரம் இது. அதனால்தான் அட்டையைச் சில சென்டிமீட்டர் தூரத்துக்குள் கொண்டுபோக வேண்டியிருக்கிறது, இரண்டு அட்டைகளைச் சேர்த்துப் பிடித்தால் கருவி சிவப்பு விளக்கைக் காட்டுகிறது.